மூன்றாவது கதையில் என் குரல்

ஜனவரி 11

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வலி குறைந்த அளவுக்கு வாய் கூடியிருக்கிறது. உங்கள் அம்மாதானே, உங்களுக்குத் தெரியாததா.

இனிமேல் ஃபோன் வேண்டாம், கடிதம் போடு என்று போன மாதம் நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. விடுதித் தாழ்வாரத்தில் ஒரே ஃபோன், பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், மனம் விட்டு ஒரு வார்த்தை பேச முடியவில்லை என்றீர்கள். யோசித்துப் பார்த்தால் இங்கேயும் அதே நிலைதான். நான் பேச ஆரம்பித்தால் அத்தைக்கு அந்த அறையில்தான் வேலை இருக்கும். சரி, எழுதுவோம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துக் காதல் கடிதம். யாராவது கேட்டால் சிரிப்பார்கள்.

ஒரு செய்தி. எனக்குக் கதாநாயகி வேலை வந்திருக்கிறது. நடிக்க அல்ல, குரல் கொடுக்க. இத்தனை வருஷம் டப்பிங் தியேட்டரில் நர்ஸாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் கூட்டத்தில் நின்று 'ஐயோ' என்று கத்துகிறவளாகவும் பிழைத்தவளுக்கு இப்போது ஒரு முழுக் கதை. ஒரே படத்துக்குள் நான்கு கதைகள், நான்கு டைரக்டர்கள். மூன்றாவது கதையில் நடித்திருக்கும் பெண்ணுக்கு நம் மொழி தெரியாது. அவள் வாய்க்கு என் குரல்.

நான்கு கதைக்கும் பொருள் ஒன்றுதான். அதை எப்படி எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். ஆசை. ஆணுக்கும் பெண்ணுக்கும் உடம்பில் வருகிற ஆசை.

"என்ன படம்டி?" என்று அத்தை கேட்டார்.

"குடும்பப் படம் அத்தை" என்றேன். அது பொய்யில்லை. அந்த ஆசை இல்லாமல் குடும்பம் எங்கிருந்து வந்தது?

விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? கண்ட நேரத்தில் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
கீச்சு

பிப்ரவரி 2

அன்புள்ள கீச்சுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா?

கதாநாயகிக்கு என் வாழ்த்து. கல்யாணத்தன்று தொண்டை கட்டிக்கொண்டு கீச்சுக் கீச்சென்று பேசியவள் இன்று ஊருக்கே குரல் கொடுக்கிறாள். அன்று வைத்த பேரை இனிமேல் மாற்றவேண்டும் போலிருக்கிறது. மாற்ற மாட்டேன்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. பெரிய சரக்குக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க வந்திருக்கிறது. அதன் அடித்தொட்டிக்குள் இறங்கி, காற்றுச் சுத்தியலால் துருவை உடைத்து எடுக்கிறோம். நாலு பக்கமும் இரும்பு. சுத்தியல் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் வாயசைப்பதுதான் தெரியும். மாலையில் மேலே ஏறி வந்த பிறகும் உடம்புக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அறையில் என்னோடு இருக்கும் மீசையைத்தான் உனக்குத் தெரியுமே, கிரேன் ஓட்டுகிறவன். அவன் மேலே காற்று வாங்குகிறான், நான் கீழே துரு தின்கிறேன். அவனவன் கொடுத்துவைத்தது.

விடுமுறை பற்றி மேஸ்திரியிடம் கேட்கவேண்டும். கடிதம் நிறைய எழுது. உன் எழுத்தைப் படிக்கும்போது நீ பேசுவதுபோலவே இருக்கிறது. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

உன்னுடைய
நான்

பிப்ரவரி 20

அன்புள்ள என்னவருக்கு,

சுகம். அத்தையும் சுகம். தூசுக்குள் வேலை செய்கிறீர்கள், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டிங் தொடங்கிவிட்டது. கதையைச் சொல்லட்டுமா? ஒன்றும் பெரிய கதை இல்லை. துணி இஸ்திரி போட்டுப் பிழைக்கிற ஒருத்தி. அவள் புருஷன் லாரி டிரைவர், எப்போதாவது வருகிறவன். ஒரு மத்தியான நேரம் வருகிறான். சாப்பிடுகிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு அவன் பிடரியில் கை வைக்கிறாள். அவ்வளவுதான். மற்ற மூன்று கதைகளிலும் என்னென்னவோ இருக்கிறதாம். இதில் யாரும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஆனால் திரையில் அதைப் பார்த்தபோது எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது.

டைரக்டர் ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும். முதல் நாள் நான் பேசியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வசனம் நல்லா வருது. மூச்சுதான் வரல. இவ புருஷனப் பாத்து எத்தனை மாசமாச்சுன்னு மூச்சுல தெரியணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர். நான் கூச்சப்படுவதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து பென்சில் சீவ ஆரம்பித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். போன முறை வந்தபோது நீங்கள் சட்டையில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். உங்கள் பிடரியில் முடி வெட்டிய இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அன்று அத்தை கூப்பிட்டுவிட்டார், எழுந்து போய்விட்டேன். இந்த முறை எழுந்து போகவில்லை.

கண்ணைத் திறந்தபோது டைரக்டர் அம்மாள் வசனத் தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இன்ஜினியர் மட்டும், "தண்ணி குடிங்கம்மா" என்றார்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன். எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
கீச்சு

மார்ச் 27

அன்புள்ள கீச்சுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். திரும்பவும் படித்தேன். நானும் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. நீ வாயால் பிழைக்கிறவள். நான் துரு உடைக்கிறவன்.

இந்த முறை விடுமுறை எனக்கு வந்தது. எங்கள் குழுவில் ஒருவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை. அவனைப் போகச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அடுத்த முறை பார்க்கலாம்.

அம்மாவின் மாத்திரை தீரும் முன்பே வாங்கி வைத்துவிடு. உன் தொண்டையைப் பார்த்துக்கொள்.

உன்னுடைய
நான்

ஏப்ரல் 5

என்னவருக்கு,

சுகம்தான், எனக்கென்ன.

விடுமுறை என்ன பந்தியில் மிஞ்சிய சாப்பாடா, பக்கத்து இலைக்குத் தள்ளிவிட? அவன் குழந்தை முகம் பார்க்கவேண்டும், சரி. உங்கள் முகம் பார்க்கவேண்டும் என்று இங்கே ஒருத்தி இருக்கிறாள். அவள் எதைப் பெற்றுக் காட்டினால் விடுமுறை தருவீர்கள்?

இந்த இடத்தில் நிறுத்தி, எழுந்து போய், முகம் கழுவிவிட்டு வந்தேன். கோபத்தோடு கடிதத்தை முடிக்கக் கூடாது.

நேற்று என் வேலை முடிந்தது. கடைசியில் ஒரு காட்சி. அவன் பாதித் தூக்கத்தில் புரள்கிறான். அவள் நமக்கு முதுகைக் காட்டி, அவன் காதருகே குனிந்து ஏதோ சொல்கிறாள். உதடு தெரியாது. உதடு தெரியாவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம், எதை வேண்டுமானாலும் பேசலாம். டைரக்டர் அம்மாள் வசனத் தாளை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். "இதுல எழுதியிருக்கறது எனக்கே பிடிக்கல. நீங்க யார்கிட்டயாவது சொல்ல நினைச்சு சொல்லாம விட்டது எதாவது இருக்கும்ல, அதைச் சொல்லுங்க" என்றார்.

உங்களிடம் பேசினேன். வேறு யாரிடம் பேசுவேன்? ஒரே முறைதான். அதையே வைத்துக்கொண்டார்.

என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். நேரில் சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. ஜூன் மாதம் படம் வெளிவருகிறது. உங்கள் ஊர் தியேட்டருக்கும் வரும் என்று இன்ஜினியர் சொன்னார். போய்க் கேளுங்கள். கேட்ட பிறகும் விடுமுறையைத் தானம் கொடுக்க முடிகிறதா என்று பார்க்கிறேன்.

உங்கள்
கீச்சு

ஏப்ரல் 29

அன்புள்ள கீச்சுக்கு,

நான் நலம். உன் கோபம் நியாயம்தான். எத்தனை திட்டினாலும் தகும்.

படம் வந்ததும் போகிறேன். கட்டாயம் போகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று சொன்னதைக் கொஞ்சமாவது எழுதக் கூடாதா? முழுவதும் வேண்டாம். எதைப் பற்றி என்றாவது எழுது. கேட்கும்போது இன்னும் நன்றாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்னுடைய
நான்

ஜூன் 14

அன்புள்ள என்னவருக்கு,

நலமா? இங்கே வெயில் தாங்கவில்லை. அத்தை தரையில்தான் படுக்கிறார்.

எழுத மாட்டேன் என்றால் எழுத மாட்டேன். கெஞ்சாதீர்கள்.

படம் வந்துவிட்டது. நான் இன்னும் பார்க்கவில்லை. முதல் காட்சிக்கு நடித்தவர்களைக் கூப்பிட்டார்கள். குரல் கொடுத்தவர்களைக் கூப்பிடுவது வழக்கமில்லை. தியேட்டர் வாசலில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு கைகள், ஒரு கழுத்து, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஒருவர் தன் பெண்டாட்டியிடம், "இதுக்கெல்லாம் வர முடியாது, நட" என்றார். அந்தம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அங்கே வந்துவிட்டதா? போனீர்களா? உடனே எழுதுங்கள்.

உங்கள்
கீச்சு

ஜூன் 30

அன்புள்ள கீச்சுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலம்தானே?

படம் பார்த்தேன். மூன்றாவது கதைதான் எல்லாவற்றிலும் நல்ல கதை. உன் குரல் அவளுக்கு அப்படியே பொருந்தியிருக்கிறது. வேறு யாரும் பேசியிருக்க முடியாது.

அந்த இடமும் வந்தது. கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன். தியேட்டரில் அத்தனை பேர் இருந்தும் எனக்கு மட்டும்தான் அர்த்தம் புரிந்தது என்று நினைக்கிறேன். கண் கலங்கிவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. என்னையும் நீ எழுதச் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னுடைய
நான்

ஜூலை 13

என்னவருக்கு,

சுகம்.

உங்கள் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினேன். மறுநாளே படத்துக்குக் கிளம்பினேன். நீங்கள் கேட்டதை நானும் கேட்கவேண்டும் என்று ஆசை. செருப்பு மாட்டும்போது அத்தை, "நானும் வரேன், குடும்பப் படம்னுதான சொன்ன" என்றார். என்ன செய்வது, கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் கதை முழுக்க அத்தை கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவது கதையில் தூங்குவதுபோல் இருந்தார். மூன்றாவது கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "உன் குரல்" என்றார். அதன் பிறகு கைப்பையைத் தொடவே இல்லை.

நான் பேசிய இடம் வந்தது. அவள் முதுகைக் காட்டிக் குனிந்தாள். வயலின் வந்தது. ஒன்றல்ல, ஒரு படையே வந்தது. வயலின் ஓய்ந்தபோது அவள் நிமிர்ந்துவிட்டிருந்தாள். என் குரல் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை.

இன்ஜினியரிடம் போய்க் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "டைரக்டரம்மா எவ்வளவோ சண்டை போட்டாங்கம்மா. அந்த இடத்துல மியூசிக் இல்லன்னா ஜனங்க நெளிவாங்கன்னு தயாரிப்பாளர் பிடிவாதமா நின்னுட்டார். எல்லா ஊருக்கும் அதே பிரதிதான் போச்சு" என்றார்.

எந்த ஊரிலும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கிறீர்கள். கண் வேறு கலங்கியிருக்கிறது.

படத்துக்கே போகவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். வேறு ஏதாவது என்றாலும் சொல்லிவிடுங்கள். விடுமுறை வேண்டாம், ஃபோன் வேண்டாம், நான் வேண்டாம் என்றாகிவிட்டதா? பொய்யை நம்பி அதைத் தலைக்குக் கீழே வைத்துத் தூங்கியதுதான் பொறுக்க முடியவில்லை.

கீச்சு

ஆகஸ்ட் 22

அன்புள்ள கீச்சுக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும். இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். வேறு பெண் யாரும் இல்லை. இருந்திருந்தால் சொல்வது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்குக் காது கேட்கவில்லை.

போன வருஷமே இடது காது போய்விட்டது. ஒரு காது இருக்கிறதே என்று இருந்தேன். பிறகு வலது காதும் மெல்ல மெல்லப் போனது. கடைசியாக நீ ஃபோனில் பேசியபோது தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் மட்டும் கேட்டது. நடுவில் நீ சிரித்தாயா, அழுதாயா என்று தெரியவில்லை. நான் 'சரி, சரி' என்றேன். அன்றுதான் கடிதம் போடு என்றேன். நகரத்துக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். சுத்தியல் சத்தத்தில் உள்ளே நரம்பு செத்துவிட்டதாம், திரும்ப வராதாம். கருவி வைத்தால் சத்தம் கேட்கும், பேச்சு கேட்காது என்று எழுதிக் காட்டினார். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. தொட்டிக்குள் எல்லோரும் செவிடர்கள்தான், அதனால் வேலை ஓடுகிறது.

படத்துக்குப் போனேன். ஒரு முறை அல்ல. முதல் முறை ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்தேன். சுவரில் கையை வைத்தால் அதிர்ந்தது. அவள் வாய் திறந்து மூடியது. உன் குரல் அதற்குள்ளிருந்து வந்துகொண்டிருக்கிறது, எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு மட்டும் இல்லை. அவள் முதுகைக் காட்டிக் குனிந்தபோது இதுதான் அந்த இடம் என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்தவன் முகத்தைப் பார்த்தேன். அவன் முகத்திலிருந்தாவது நீ சொன்னது தெரியுமா என்று. அவன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி முறை மீசையைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இடத்தில் அவள் என்ன சொன்னாள் என்று பிறகு எழுதிக் காட்டச் சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்றாவது கதை தொடங்கியது. என் பெண்டாட்டி எனக்குச் சொன்னதை இவன் முதலில் கேட்பான், பிறகு எனக்குச் சொல்வான். என்னால் முடியவில்லை. டீ வாங்கி வா என்று அவனை வெளியே அனுப்பிவிட்டேன்.

பிறகு உனக்கு அந்தப் பொய்யை எழுதினேன். வயலின் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது என் பொய் பிடிபட்டதுகூட உடனே தோன்றவில்லை. அப்படியென்றால் வேறு எவனும் கேட்கவில்லை என்று நினைத்தேன். அந்த இடத்தில் அந்தத் தியேட்டரே என்னைப்போல்தான் இருந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விடுமுறையை ஏன் தள்ளிவிட்டேன் என்று கேட்டாய். உன் பக்கத்தில் படுத்திருப்பேன், நீ ஏதோ சொல்வாய், சொன்னதே எனக்குத் தெரியாது. பதில் வரவில்லையே என்று நீ திரும்பிப் படுத்துக்கொள்வாய். அதை நினைத்தால் கால் வரவில்லை. உன்மேல் ஆசை இல்லாமல் அல்ல.

அன்று சொன்னதை எழுதி அனுப்பு. அம்மாவிடம் சொல்லாதே.

உன்னுடைய
நான்

செப்டம்பர் 8

அன்புள்ள என்னவருக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. நலமில்லை. நீங்களும் இனிமேல் அப்படி எழுதாதீர்கள்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். மறைக்கப் பார்த்தேன், என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார். "எந்தக் காது?" என்று மட்டும் கேட்டார். ரெண்டும் என்றேன். "சின்ன வயசுல ஒரு குரல் கொடுத்தா எங்கிருந்தாலும் ஓடி வந்துருவான்" என்றார். பிறகு காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.

எழுதச் சொல்லியிருந்தீர்கள். எழுதிப் பார்த்தேன். காகிதத்தில் அது வேறு யாரோ யாருக்கோ சொன்னதுபோல் இருக்கிறது. கிழித்துவிட்டேன்.

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளலாமே என்று தோன்றியது. என் பிழைப்பே அடுத்தவர் உதட்டைப் பார்ப்பதுதான். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் பேசிப் பார்த்தேன். மாமாவும் பாப்பாவும் ஒன்றுபோல இருக்கிறது. மணமும் பணமும் ஒன்றுதான். 'வாங்க', 'போங்க' இரண்டும் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. குடும்பம் நடத்த அது போதும் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். எனக்குப் போதாது.

வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். வரவேண்டாம் என்று நீங்கள் எழுதினால் அந்தக் கடிதம் வந்து சேரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். வந்து என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் விடுதித் தாழ்வாரத்து ஃபோனில் உங்களைக் கூப்பிட்டது நான்தான். யார் கூப்பிட்டது, என்ன பேச்சு என்று உங்களுக்குத் தெரிந்ததோ இல்லையோ, அதனால் எழுதுகிறேன். மீசைதான் எடுத்தார். நான் தயங்கித் தயங்கி உங்கள் காதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "தெரியும்மா, எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். அவன் மறைக்கிறான், நானும் தெரியாத மாதிரியே இருக்கேன்" என்றார். அவரை உங்கள் கையில் ஃபோனைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போகச் சொன்னேன்.

உங்கள் மூச்சு கேட்டது. அதை எத்தனை பேர் மூச்சுக்கு நடுவிலும் எனக்குத் தெரியும். அத்தை எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நான் சொன்னேன். அன்று டப்பிங் தியேட்டரில் சொன்னதை முழுவதும் சொன்னேன். அன்று சொல்லக் கூசி விட்டதையும் சேர்த்துச் சொன்னேன். நீங்கள் "ம்" என்றீர்கள். நடுநடுவே "ம், ம்" என்றீர்கள். 'ம்' சொல்லவேண்டிய இடங்களில் அல்ல.

சொல்லி முடித்துவிட்டேன். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை. நீங்கள் வெகுநேரம் "ம்" சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

உங்கள்
கீச்சு